வாய்ஸும் வாக்கும்: தமிழ்நாட்டில் நட்சத்திர ஆதரவின் கணக்கு

தேர்தலில் நிற்காத ஒரு புகழ்பெற்ற மனிதர், வேறொரு துறையில் ஈட்டிய நற்பெயரை ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ இரவல் தருவதையே அரசியலில் பிரபலங்களின் ஆதரவு என்கிறோம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் டீக்கடைகளும் இதை 'வாய்ஸ்' என்றே வழங்குகின்றன. எந்த நடிகர் யாருக்கு வாய்ஸ் கொடுப்பார் என்ற கேள்வி தேர்தலுக்குத் தேர்தல் எழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் மூன்று வெவ்வேறு நிலைகள் இந்தப் பேச்சில் கலந்துபோகின்றன. கட்சிக்குள்ளேயே வளர்ந்த நடிகர் ஒரு வகை. சொந்தமாகக் கட்சி தொடங்கியவர் இன்னொரு வகை. எந்தக் கட்சியிலும் சேராமல், வெளியே நின்றபடி இவருக்குப் போடுங்கள், அவருக்குப் போடாதீர்கள் என்று சொல்பவர் மூன்றாம் வகை. மூவருக்கும் கூடும் கூட்டம் பார்வைக்கு ஒன்றுதான். வாக்கு எண்ணும் நாளில் கிடைக்கும் விடைகள் வேறு.

திரைக்கு முன்பே நாடக மேடை இந்த வேலையைச் செய்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி நாடகக் கலைஞர்களைக் கட்சி மேடைக்கு அழைத்துவந்தார். கே.பி. சுந்தராம்பாள் கூட்டங்களில் பாடினார். தேசியப் பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் ஊர் ஊராகப் போயின. பின்னாளில் அவர் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். திராவிட முன்னேற்றக் கழகத்தில் நிலைமை இன்னும் நெருக்கமானது. அண்ணாவும் கருணாநிதியும் தாங்களே திரைக்கதை வசனம் எழுதியவர்கள் என்பதால், அங்கே நடிகர் வெளியிலிருந்து வந்த விருந்தாளியாக இருக்கவில்லை. 1962 தேர்தலில் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன் தேனித் தொகுதியில் வென்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்.

எம்.ஜி.ஆரின் வரலாற்றை நட்சத்திர ஆதரவின் உச்சம் என்று சொல்வது வழக்கம். அது பாதிதான் சரி. 1953இல் தி.மு.க.வில் சேர்ந்த அவர், 1972இல் நீக்கப்படும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தக் கட்சியின் ஆள். 1967 ஜனவரி 12இல் சக நடிகர் எம்.ஆர். ராதாவால் சுடப்பட்டு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, கழுத்தில் கட்டுப்போட்ட அவருடைய படம் சுவரொட்டிகளாகத் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் அவர் வென்றார். கட்சி ஆட்சியைப் பிடித்தது. அந்த வெற்றிக்கு அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், ராஜாஜியின் சுதந்திராக் கட்சி உள்ளிட்ட பலரோடு அமைந்த கூட்டணி என்று வேறு காரணங்களும் இருந்தன. சுவரொட்டி அவற்றோடு சேர்ந்துகொண்டது.

1972 அக்டோபரில் அவர் அ.தி.மு.க. என்ற தனிக்கட்சி கண்டபோது கைகொடுத்தவை ரசிகர் மன்றங்கள். தெருமுனையில் பலகை, தலைவர், செயலாளர், பொருளாளர், பட வெளியீட்டன்று கொடி, தோரணம் என்று கட்சிக் கிளைக்குரிய எல்லாம் மன்றத்தில் ஏற்கெனவே இருந்தன. பலகையில் பெயரை மாற்றி எழுதுவதுதான் பாக்கி. 1973 மே மாதத் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் மாயத்தேவர் வென்றார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 1984இல் அமெரிக்க மருத்துவமனையிலிருந்த எம்.ஜி.ஆரைக் காட்டும் வீடியோப் படம் மக்களுக்குத் திரையிடப்பட்டது. ஆண்டிப்பட்டிக்கு வராமலே அவர் வென்றார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதி, 'பிம்பச் சிறை' என்று தமிழில் வந்த நூல் இந்தப் பிடிப்பைத்தான் ஆராய்கிறது. அரசின் பொருளாதாரக் கொள்கை ஏழைகளுக்குச் சாதகமாக இல்லாதபோதும் அவர்களே அந்த ஆட்சியை ஏன் தாங்கிப் பிடித்தார்கள் என்பது நூலின் மையக் கேள்வி. திரையில் கட்டப்பட்ட ஏழைப் பங்காளன் உருவத்தில் பாண்டியன் விடையைத் தேடினார்.

புகழ் மட்டுமே போதுமென்றால் சிவாஜி கணேசனும் முதலமைச்சராகியிருக்க வேண்டும். நடிப்பில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று எதிர்த்தரப்பு ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள். நெடுங்காலம் காங்கிரசுக்காக மேடை ஏறிய அவர் 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கி, எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் பிளவுபட்ட அ.தி.மு.க.வில் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகியின் அணியோடு கைகோத்தார். 1989 தேர்தலில் திருவையாற்றில் தோற்றார். கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. அதே ரசிகர்கள் அவர் படங்களுக்குத் தொடர்ந்து வரிசையில் நின்றார்கள். வாக்கை மட்டும் வேறிடத்தில் போட்டார்கள். திரையில் அவர் ஏற்றவை அழுது, சிதைந்து, தியாகம் செய்து முடியும் பாத்திரங்கள் என்பதால் மக்கள் அவரைத் தலைவராகப் பார்க்கவில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. அதைவிட எளிய காரணம், சேர்ந்த அணி தவறானது என்பது. அந்தத் தேர்தலில் ஜானகியே தோற்றார்.

வெளியே நின்று சொல்லும் ஆதரவுக்குத் தமிழ்நாட்டின் முதன்மைச் சான்று 1996. ஜெயலலிதாவின் முதல் ஆட்சியில் ரஜினிகாந்துக்கும் அரசுக்கும் உரசல் வளர்ந்துவந்தது. 1995இல் 'பாட்ஷா' வெற்றி விழாவில், தயாரிப்பாளரும் அமைச்சருமான ஆர்.எம். வீரப்பன் மேடையில் இருக்க, மாநிலத்தில் பரவும் வெடிகுண்டுக் கலாசாரம் பற்றி ரஜினி பேசினார். வீரப்பன் பிறகு அமைச்சர் பதவியை இழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரம் ஊர் வாயில் விழுந்தது. ஊழல் குற்றச்சாட்டுகள் குவிந்தன. 1996இல் காங்கிரஸ் மேலிடம் அ.தி.மு.க.வோடு கூட்டணி வைக்க, ஜி.கே. மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார், அது தி.மு.க.வோடு சேர்ந்தது. இந்த அணிக்குத்தான் ரஜினி ஆதரவு தெரிவித்தார். ஜெயலலிதா மீண்டும் வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்ற பொருளில் அவர் சொன்னது சன் டிவி வழியாகவும் வீடுகளுக்குப் போனது. மூன்றே வயதான அந்தத் தனியார் தொலைக்காட்சி கேபிள் கம்பி வழியே பரவிக்கொண்டிருந்த நேரம் அது. த.மா.கா.வின் சின்னம் சைக்கிள். 'அண்ணாமலை' படத்தில் ரஜினி பால்கேனோடு ஓட்டிய சைக்கிள் சுவரொட்டியில் வந்து நின்றது. சின்னத்தைப் பரப்பப் புதுக்கட்சிக்கு வேறு பெரிய முயற்சி தேவைப்படவில்லை.

முடிவு எல்லோரும் அறிந்தது. 234 இடங்களில் தி.மு.க. அணி 221ஐ வென்றது. அ.தி.மு.க.வுக்கு நான்கே இடங்கள்; ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 1991இல் ஏறக்குறைய 44 விழுக்காடாக இருந்த அக்கட்சியின் வாக்கு 21 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. இந்தச் சரிவை ஒருவரின் பேச்சு மட்டுமே செய்துவிடாது. 1991இன் வாக்கே ராஜீவ் காந்தி கொலையின் அனுதாபத்தால் ஊதிப்போனது. அடுத்த முறை அது வடிவதற்கு எந்த நடிகரும் தேவையில்லை. காங்கிரசின் பெரும்பகுதி மூப்பனாரோடு போனதும் கணக்கில் வர வேண்டும். ரஜினி செய்தது வேறொன்று. ஆளுங்கட்சிக்கு எதிராக வாய் திறக்கப் பலர் தயங்கிய நேரத்தில், இழப்பதற்கு நிறைய உள்ள ஒருவர் வெளிப்படையாகப் பேசினார். மனத்துக்குள் முடிவு செய்திருந்தவர்களுக்கு, தங்களைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்ற தைரியத்தை அது தந்தது. 1996இன் வாய்ஸுக்கு இருந்த வலிமை அதுதான் என்று கொள்வதே பொருத்தம்.

அந்த வலிமை இரண்டே ஆண்டுகளில் சோதிக்கப்பட்டது. 1998 நாடாளுமன்றத் தேர்தலில் அதே நடிகர், அதே அணிக்கே ஆதரவளித்தார். வாக்குப்பதிவுக்குச் சற்றுமுன், பிப்ரவரி 14இல், கோவையில் குண்டுகள் வெடித்தன. பா.ஜ.க., பா.ம.க., ம.தி.மு.க. ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்ட அ.தி.மு.க. அணி 39இல் 30 இடங்களைப் பிடித்தது. தி.மு.க. அணிக்கு மிஞ்சியவை ஒன்பது.

2004 இன்னும் தெளிவான சோதனை. 2002இல் 'பாபா' வெளியானபோது பா.ம.க.வினர் காட்டிய எதிர்ப்பு ரசிகர்களைக் கொதிக்க வைத்திருந்தது. நதிநீர் இணைப்பை வலியுறுத்திய ரஜினி, தம் வாக்கு பா.ஜ.க. அணிக்கு என்று அறிவித்தார், பா.ம.க. போட்டியிட்ட ஆறு தொகுதிகளில் அதைத் தோற்கடிக்க ரசிகர்கள் உழைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஓர் ஆய்வாளர் உட்கார்ந்து திட்டமிட்டாலும் இவ்வளவு வசதியான பரிசோதனை அமையாது: குறிப்பிட்ட நடிகர், குறிப்பிட்ட கட்சி, குறிப்பிட்ட தொகுதிகள். பா.ம.க. புதுச்சேரி உட்பட ஆறிலும் வென்றது. தமிழ்நாட்டின் 39 இடங்களும் தி.மு.க. அணிக்கே போயின. வட மாவட்டங்களில் சாதி அடிப்படையில் வேரூன்றிய ஒரு கட்சியின் அமைப்பும் வலுவான கூட்டணியும் இருந்த இடத்தில், ரசிகர் மன்றத்தின் கோபம் செல்லுபடியாகவில்லை. 2017 டிசம்பர் 31இல் அரசியலுக்கு வருவதாக அறிவித்த ரஜினி, 2020 டிசம்பர் 29இல் உடல்நிலையைக் காட்டி அதைக் கைவிட்டார். அறிவிப்புக்குள் ஒளிந்திருந்த கணக்கு கடைசி வரை வாக்குப்பெட்டியில் எண்ணப்படவில்லை.

கூட்டத்துக்கும் வாக்குக்கும் இடையிலுள்ள தூரத்தை 2011இல் நகைச்சுவை நடிகர் வடிவேலு காட்டினார். திருவாரூரில் கருணாநிதியின் மேடையில் தொடங்கி அவர் தி.மு.க.வுக்காக மாநிலமெங்கும் சுற்றினார். விஜயகாந்தை அவர் கிண்டலடித்த பேச்சுகளைக் கேட்க எங்கும் கூட்டம் அலைமோதியது. தொலைக்காட்சிகள் அவற்றை நேரலையில் காட்டின. எண்ணிக்கை நாளில் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 23 இடங்கள். கிண்டலுக்கு ஆளான விஜயகாந்தின் தே.மு.தி.க. 29 இடங்களோடு எதிர்க்கட்சியானது. சிரிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். விலை கொடுத்தது நடிகர். திரையுலகின் உச்சத்தில் இருந்த வடிவேலு 2014இன் 'தெனாலிராமன்' வரை பெரும்பாலும் திரையிலிருந்து விலகியே இருக்க நேர்ந்தது.

அந்த விஜயகாந்தே இரண்டாம் வகையின் எல்லைக்கும் உதாரணம். 2006இல் தனித்து நின்று எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய கட்சி, 2016இல் இரண்டரை விழுக்காட்டுக்கும் கீழே போனது. ஆந்திராவில் 1982இல் கட்சி தொடங்கிய என்.டி. ராமாராவ் மறு ஆண்டே ஆட்சியைப் பிடித்தார். 2009இல் சிரஞ்சீவி 294இல் 18 இடங்களோடு நின்று, பிறகு கட்சியைக் காங்கிரசில் கரைத்தார். கமல்ஹாசன் 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார்.

மறைமுக ஆதரவும் உண்டு. 2014 ஏப்ரலில் நரேந்திர மோடி போயஸ் தோட்டத்து வீட்டில் ரஜினியைச் சந்தித்தார்; சில நாளில் கோவையில் விஜய் மோடியைச் சந்தித்தார். இருவரும் வாக்குக் கேட்கவில்லை. புகைப்படம் பேசட்டும் என்று விட்டார்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ அ.தி.மு.க. அள்ளியது. பா.ஜ.க.வுக்குக் கன்னியாகுமரி மட்டும் கிடைத்தது.

ஒரு வாய்ஸ் எத்தனை வாக்கைக் கொண்டுவந்தது என்று பிரித்துக் காட்டுவது கடினம். கூட்டணி, விலைவாசி, அனுதாபம் எல்லாம் ஒரே நாளில் ஒரே பெட்டியில் விழுகின்றன. இதைப் பிரிக்க முயன்ற ஆய்வுகளில் பரவலாக மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவில் நடந்தது. 2008இல் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தொலைக்காட்சி நட்சத்திரம் ஓப்ரா வின்ஃப்ரே பராக் ஒபாமாவை ஆதரித்தார். பொருளியலாளர்கள் கிரெய்க் கார்த்வெயிட்டும் டிமோத்தி மூரும், ஓப்ராவின் இதழும் அவர் பரிந்துரைத்த புத்தகங்களும் எந்தெந்தக் கவுண்டிகளில் அதிகம் விற்றன என்று பார்த்து, அங்கே ஒபாமாவுக்குக் கூடுதலாக விழுந்த வாக்கைக் கணக்கிட்டார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் என்றது அவர்கள் மதிப்பீடு. இதில் கவனிக்க வேண்டியது, அது ஒரே கட்சிக்குள் நடந்த போட்டி என்பது. கொள்கையில் பெரிய வேறுபாடில்லாத இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது நம்பிக்கைக்குரிய ஒருவரின் சொல் எடைபோடும். கட்சி பார்த்துப் போடும் பொதுத்தேர்தலில் அந்த இடைவெளி குறைவு. 2024 செப்டம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் கமலா ஹாரிஸை ஆதரித்துப் பதிவிட்ட இணைப்பின் வழியே, ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் அரசின் வாக்காளர் பதிவுத் தளத்துக்குப் போனார்கள். தேர்தலில் வென்றவர் டிரம்ப். கவனத்தைத் திருப்புவதில் நட்சத்திரங்கள் காட்டும் திறமை, முடிவை மாற்றுவதில் காணப்படுவதில்லை.

நம்பிக்கை எப்படி ஒருவரிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்பது பழைய கேள்வி. 1951இல் உளவியலாளர்கள் ஹாவ்லண்டும் வைஸும் ஒரே செய்தியைச் சிலருக்கு நம்பத்தக்கவர் சொன்னதாகவும், சிலருக்கு நம்பத்தகாதவர் சொன்னதாகவும் கொடுத்தார்கள். அணுநீர்மூழ்கி பற்றிய கட்டுரைக்கு ஒரு தரப்பில் இயற்பியலாளர் ஓப்பன்ஹைமரின் பெயர், மறு தரப்பில் சோவியத் நாளேடான பிராவ்தாவின் பெயர். உடனடியாகப் பார்த்தபோது பெயர் வேலை செய்தது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு கரைந்துவிட்டது. சொன்னவரை மறந்து, சொன்னதை மட்டும் மக்கள் வைத்திருந்தார்கள். தேர்தல் பிரசாரத்தின் கடைசி நாட்களில் நட்சத்திரங்களை இறக்கும் கட்சிகள் இந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டியதில்லை. அனுபவமே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கும்.

மக்கள் நம்பிக்கையை எடைபோடும்போது, சொல்பவருக்கு அதில் என்ன லாபம் என்றும் பார்க்கிறார்கள். தமிழ்த் திரையுலகுக்கு அரசின் தயவு எப்போதும் தேவைப்பட்டது. 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்டது. 2013இல் 'விஸ்வரூபம்' அரசின் தடையால் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்குத் தாமதமாக வந்தது. வெளியீடு, வரி, கட்டணம் எல்லாம் கோட்டையோடு பிணைந்திருக்கும் தொழிலில், ஆளுங்கட்சி மேடையில் ஒரு நடிகர் பாடும் புகழ் எவ்வளவு தானாக வந்தது என்ற சந்தேகம் இயல்பு. 2010 பிப்ரவரியில் முதலமைச்சர் கருணாநிதிக்குத் திரையுலகம் எடுத்த பாராட்டு விழாவில், இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வரும்படி நடிகர்கள் வற்புறுத்தப்படுகிறார்கள் என்று அஜித் குமார் மேடையிலேயே முறையிட்டார். ரஜினி எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த ஆண்டு அஜித் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2019இல், தமக்கு அரசியலில் ஆர்வமில்லை என்றும் ரசிகர்கள் தங்கள் விருப்பப்படி வாக்களிக்கலாம் என்றும் அறிக்கை விட்டார். கட்சி மாறி மாறி மேடை ஏறும் நட்சத்திரங்களோ நம்பிக்கையைத் தவணை முறையில் செலவழிக்கிறார்கள். குஷ்பு 2010இல் தி.மு.க., 2014இல் காங்கிரஸ், 2020இல் பா.ஜ.க. என்று போனார், 2021இல் ஆயிரம் விளக்குத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அரசியலுக்கு வெளியே, பொதுநலப் பணியில் நட்சத்திரச் சொல்லின் எடையையும் ஆபத்தையும் ஒருசேரக் காட்டியது 2021 ஏப்ரல். நகைச்சுவையோடு சீர்திருத்தக் கருத்துகளைச் சொல்லியும் மரம் நட்டும் மரியாதை பெற்ற நடிகர் விவேக், ஏப்ரல் 15இல் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டு, அனைவரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தனியார் மருத்துவமனைக்குப் போகாமல் அரசு மருத்துவமனைக்கு வந்ததே ஒரு செய்தி. மாரடைப்பால் பாதிக்கப்பட்ட அவர் 17ஆம் தேதி காலமானார். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் உடனே விளக்கினார்கள். தேசிய ஆய்வுக் குழுவும் அதே ஆண்டு அக்டோபரில் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் ஊர்ப்புறங்களில் ஊசிக்குத் தயங்கியவர்களிடம் அந்தப் பெயர் அடிபட்டது. ஓர் ஆளின் மீதான நம்பிக்கையில் ஒரு திட்டத்தை ஏற்றி வைத்தால், அந்த ஆளுக்கு நேர்வதும் திட்டத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

தேர்தல் ஆணையமும் வாக்காளர்களை ஊக்குவிக்கப் பிரபலங்களை நாடுகிறது. அதற்குத் தேவை கட்சி சாராத முகம். 2022 ஜனவரியில் பஞ்சாபின் தேர்தல் தூதர் பொறுப்பிலிருந்து நடிகர் சோனு சூட் விடுவிக்கப்பட்ட சில நாளில் அவருடைய சகோதரி காங்கிரசில் சேர்ந்தார். கர்நாடகத்தின் தூதரான கிரிக்கெட் வீரர் ராகுல் டிராவிட்டால் 2019இல் தாமே வாக்களிக்க முடியவில்லை. வீடு மாறியதில் பட்டியலில் அவர் பெயர் விடுபட்டிருந்தது.

பிரபலங்களின் சொல்லுக்கான பொறுப்பு விஷயத்தில் சட்டம் சீரற்றது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவின் கீழ், அங்கீகாரம் பெற்ற கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களையும், பதிவு மட்டும் பெற்ற கட்சி 20 பேரையும் அறிவிக்கலாம். அவர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. வேட்பாளரும் ஒரே மேடையில் நின்றால் மட்டும் செலவு பங்கிடப்படும். அவர்கள் சொல்லும் வாக்குறுதிக்கு யார் பொறுப்பு என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. சோப்பு, பற்பசை, நகைக்கடை விளம்பரத்தில் வரும் நடிகரின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுபவருக்கு பத்து லட்சம் ரூபாய் வரையும், மறுமுறை தவறினால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. முதல் முறை ஓராண்டு வரையும், மறுமுறை மூன்றாண்டு வரையும் விளம்பரங்களில் தோன்றத் தடை போடவும் முடியும். பொருளைப் பற்றிய கூற்றைத் தாம் உரிய அக்கறையோடு சரிபார்த்ததாக நிரூபித்தால் மட்டுமே அவர் தப்பலாம். அரசியல் கட்சி இந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு பொருளும் அல்ல, சேவையும் அல்ல. விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பும் அரசியல் விளம்பரங்களைத் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்வதில்லை. 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பிறகு தொலைக்காட்சியில் வரும் கட்சி விளம்பரங்களுக்கு முன்சான்று பெற வேண்டியிருக்கிறது. பிரசார வேனில் மைக் பிடிக்கும் நடிகரின் பேச்சு அதற்குள் அடங்காது.